என் ஒரு கூச்சலும் கர்ட்டின் ஓட்டமும்

அன்புள்ள மார்லிஸ்,

இங்கே எல்லோரும் நலம், என் தொண்டை மட்டும் கட்டிக்கொண்டு கிடக்கிறது. அலாஸ்கா குளிருக்கு நான் அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள், பெட்டியில் வைத்துப் பூட்டாதே. ஞாயிற்றுக்கிழமை ஹோல்பெர்க்காரர்களோடு நம் ஊருக்கு பேஸ்பால் ஆட்டம், ஜெயித்தால்தான் மாநிலப் போட்டி, நாம் அங்கே போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறதே. வர வேண்டிய அம்பயரின் வண்டி வழியில் படுத்துவிட்டது. ஹோல்பெர்க் மேனேஜரே வந்து உன் அப்பாவை அம்பயராக நிற்கச் சொல்லிக் கேட்டார். என் மகன் ஆடுறானேய்யா என்று இவர் தயங்கினார், அதுக்கென்ன, உம்ம எங்களுக்குத் தெரியாதா என்றார் அந்த மனுஷர்.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ், இரண்டு பக்கமும் சமம், நம்மவர்களில் இரண்டு பேர் அவுட். உன் தம்பி இரண்டாம் பேஸிலிருந்து பறந்து வந்து ஹோம் பேஸில் சறுக்கி விழுந்தான். ஊரே எழுந்து குதிக்கிறது! ஆனால் வழியில் மிதித்தே ஆகவேண்டிய மூன்றாம் பேஸை அவன் மிதிக்கவில்லை, என் கண்ணால் பார்த்தேன், அப்பாவும் பார்த்திருப்பார். உனக்குத்தான் தெரியுமே, எதிரணி அவுட் கேட்காதவரை அம்பயர் வாயைத் திறக்கக்கூடாது, அவர்கள் மைதானத்தை விட்டுப் போய்விட்டால் கேட்கவும் முடியாது. அவர்களோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். முப்பது வருஷம் அம்பயர் பெண்டாட்டியாக இருந்தும் புத்தி வரவில்லை, டேய் கர்ட், மூணாவத மிதிக்கலடா, திரும்பி ஓடுடா என்று கத்தித் தொலைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும். அவனுக்குக் கேட்குமுன் அவர்கள் கேட்சருக்குக் கேட்டுவிட்டது, பந்து மூன்றாம் பேஸுக்குப் போனது, அங்கே நின்றவன் பேஸை மிதித்துவிட்டு அப்பாவைப் பார்த்தான். அப்பா அவுட் என்றார், அந்த ஓட்டம் செல்லாமல் போய்விட்டது. ஏண்டி, பெத்த பிள்ளையை நீயே காட்டிக் குடுத்துட்டியே என்றாள் பக்கத்திலிருந்த இர்மா, எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஆனால் கேள், சமமாகவே இழுத்துக்கொண்டு போன ஆட்டத்தில், பன்னிரண்டாவது இன்னிங்ஸில் மறுபடியும் அவனே ஓடினான்! மூன்றாம் பேஸை இந்தத் தடவை இரண்டு காலாலும் மிதித்தான், அந்தத் தாமதத்தில் பந்தும் அவனும் ஹோம் பேஸுக்கு ஒன்றாக வந்து சேர்ந்தார்கள், புழுதியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா இரண்டு கையையும் விரித்தார், அவுட் இல்லை, ஜெயித்துவிட்டோம்! சொந்த மகனுக்கு இப்படி ஒரு தீர்ப்பு, வேறு நாளாக இருந்தால் அடிதடியே நடந்திருக்கும். ஹோல்பெர்க் பக்கம் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, அந்தக் கேட்சர் எழுந்து, கீழே விழுந்திருந்த அப்பாவின் அம்பயர் முகமூடியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தான்.

கர்ட் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டான். மாநிலப் போட்டி இருபத்து மூன்றாம் தேதி, எப்படியாவது லீவு போட்டு வா. கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். வந்தால் என் பக்கத்திலேயே உட்கார், நான் வாயைத் திறந்தால் பொத்திவிடு.

உன் அம்மா,
டெலோரஸ்