நாஷ்டாவுக்கு முன் பிடித்த ஊர்

12 பிப்ரவரி 2024

காலையில் மோட்டார் ஓடவில்லை. ஃபியூஸ் போட்டேன், சரியாகிவிட்டது. மாடியில் குடியிருக்கும் ரோசம்மாள் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல இறங்கி வந்தவள், சொன்ன பிறகும் போகவில்லை. சிப்காட்டில் பேக்கிங் வேலை அவளுக்கு; ஷிப்ட் வேன் வருகிற நேரம். போனை நீட்டினாள். ரஷ்யாவில் கிடங்கு ஹெல்பர் வேலை என்று டிசம்பரில் போன அவள் மகன் ஸ்டீவன், படத்தில் ராணுவ உடுப்பில் நிற்கிறான்.

"இது வாட்ச்மேன் யூனிபார்மா சார்?"

படத்தைப் பெரிதாக்கி, திரும்பச் சின்னதாக்கி, அப்புறம்தான் இல்லை என்றேன்.

15 பிப்ரவரி

அவனை அனுப்பிய ஏஜெண்ட் ஆதிகேசவனுக்குப் போன் செய்தேன். "பெருசு, சண்ட முடிஞ்ச மாதிரிதான். இன்னும் ரெண்டு மாசம். எம்மாம் பெரிய நாடு அது!" என்றான்.

இதையேதான் அந்த நாடும் தனக்குச் சொல்லிக்கொண்டது. 2014-இல் கிரீமியாவை ஏறக்குறையச் சுடாமலே எடுத்துக்கொண்டார்கள். அந்த ருசியில் எட்டு வருஷம் கழித்துக் கீவ் நகரமும் மடியில் விழும் என்று கிளம்பினார்கள். முப்பது வருஷம் கல்லூரியில் இதைத்தானே வெவ்வேறு பெயர்களில் நடத்தினேன்? 1967-இல் ஆறே நாளில் ஜெயித்தவர்கள், 1973-இல் எதிர்பாராமல் அடி வாங்கினார்கள். நமக்கும் உண்டு: 1971-இல் பதின்மூன்று நாளில் வெற்றி, பிறகு 87-இல் சில நாள் வேலை என்று யாழ்ப்பாணம் போய் இரண்டரை வருஷம். பத்து மதிப்பெண் கேள்வி.

ஆதிகேசவனிடம் இதில் ஒன்றையாவது சொன்னேனா? "சரிங்க" என்று வைத்துவிட்டேன்.

3 மார்ச்

அங்கே உள்ள நம் தூதரகத்துக்கு மனு. ஏமாற்றிச் சேர்க்கப்பட்டவன், விடுவிக்க உதவ வேண்டும் என்று. நாலு தடவை திருத்தினேன்.

என் மனைவி பூமா எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, ஒரு கமாவுக்கு இத்தனை நாழியா? அதுக்குள்ள அவன் பென்ஷனே வாங்கிடுவான்."

மாலையில் அனுப்பினேன்.

21 மே

ஸ்டீவனின் குரல் பதிவு வந்திருக்கிறது. ரோசம்மாள் என் வாசலில் நின்று மூன்று முறை போட்டுக் காட்டினாள். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

"மா, அழுவாத, இன்னா இப்போ? விடிகாலைல கெளம்பனோம், நாஷ்டா துன்றதுக்குள்ள ஒரு ஊரயே புட்ச்சிட்டோம்! எளாவூர் செக்போஸ்ட்ல லாரி நிக்கிற டைம் கூட ஆவல. ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்ல. கீழ்வூட்டு சார் கைல சொல்லு, அவருதான் குந்திகினு பேஜாராயிகினு இருப்பாரு. பயந்தாங்கொள்ளி சாரு! அவருக்கு ஒரு சோடா வாங்கிக் குடு."

பின்னால் நிறையப் பையன்களின் சிரிப்பு.

நானும் சிரித்தேன். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆனால் — கீறல்கூட இல்லாமல் பிடிபடுகிற ஊரில் யாராவது இருந்தார்களா? எதிரி தானாக விட்டுப் போன ஊரோ? கேட்கவில்லை. கேட்டால் பொறாமை மாதிரி இருக்கும்.

26 மே

தெருமுனையில் பேனர். ராணுவ உடுப்பில் ஸ்டீவன், பின்னால் சிங்கம். ரோசம்மாள் அந்தப் பதிவைத் தெரு குரூப்பில் போட்டிருக்கிறாள். அது எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கிறது. தயிர் வாங்கப் போனேன். கடைக்காரி செல்வி, "இன்னா சார், தயிரா, சோடாவா?" என்றாள். நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

2 ஜூன்

என் பெயர் சோடா சார் என்று ஆகிவிட்டது.

18 ஜூன்

தூதரகத்திலிருந்து பதில். விடுவிக்கக் கேட்கும் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. அவன் சம்மதம் மட்டும் வேண்டும். சொல்ல வேண்டியதைத் தாளில் குறித்துக்கொண்டு, ரோசம்மாளைப் பக்கத்தில் வைத்து அவனைக் கூப்பிட்டேன்.

முதல் வரியைக்கூட முடிக்கவில்லை.

"சார், நீங்க புக்க பாத்துகினு சொல்றீங்க. நான் பூட்ஸ் போட்டுகினு சொல்றேன். அடுத்தது ஒரு டவுன். அதுவும் அப்டியேதான், ஒரே காலை. அப்பால ரஷ்யா பாஸ்போர்ட்டே குடுக்கறாங்களாம். அம்மாவ இங்க இட்டுகினு வந்துருவேன். இப்போ போயி ஓடி வரச் சொல்றீங்களே!"

போனை வைத்த பிறகு ரோசம்மாள் என்னையே பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். வரணும்னா, செத்துருவேன்னு சொல்லியாவது அவன வர வெக்கறேன்."

"அங்கே இருக்கிறவன் அவன். அவனுக்குத் தெரியாதா?" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு மாதமாகச் சோடா சாராக இருந்ததாலா? என் பத்து மதிப்பெண் பதில் பலிக்க வேண்டும் என்று எனக்குள் எங்கேயோ ஆசை இருக்கிறதோ என்று பயந்தா? அவன் ஒரு ஊரைப் பிடித்தவன். நான் எதைப் பிடித்தேன்?

19 ஜூன்

அவனுக்கு விருப்பமில்லை என்று தூதரகத்துக்குப் பதில் அனுப்பினேன். கமா எல்லாம் சரியாக இருந்தது.

2 செப்டம்பர்

மத்தியானம் ஸ்டீவன் எனக்கே கூப்பிட்டான். குரல் அவனுடையது மாதிரி இல்லை.

"சார், அந்த லிஸ்ட்டு இன்னும் கீதா?"

இருக்கும் என்றேன். மூச்சு வாங்கினான்.

"டவுனு விழல சார். மூணு வாட்டி போனோம். பாதிப் பேரு திரும்பல. ஆபிசர் இன்னா சொல்றான்னா, அந்த ஊரு மாதிரிதான் இதுவும், ஓடிருவானுங்க, நடந்து போங்கடான்றான். பீரங்கி கூட சுடல சார் நமக்கோசரம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்த ஊர்ல யாருமே இல்ல சார். ஒரு கெழவியும் ஒரு ஆடும். ஆட்ட நாங்க துன்ட்டோம்."

கிழவியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"அம்மாகைல சொல்லாதீங்க. நாளிக்கி மறுபடி போறோம்."

உடனே உட்கார்ந்து மனு எழுதினேன். திருத்தவே இல்லை. எழுதியதை எழுதியபடி அனுப்பினேன்.

28 செப்டம்பர்

போய்விட்டான். கூட இருந்த பஞ்சாபிப் பையன் ஒருவன் ரோசம்மாளுக்கு இந்தியில் செய்தி அனுப்பியிருக்கிறான். இறந்தது என்றைக்கு என்று தெரியவில்லை. அதைப் படித்துச் சொல்லும்படி கேட்கத்தான் என்னிடம் இறங்கி வந்தாள். எனக்குத் தெரிந்த இந்தி அதற்குப் போதுமானதாக இருந்தது.

படியில் உட்கார்ந்தவள் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. "எறங்கிட்டேன் சார். ஏற முடில." பூமா காபி கொண்டு போய் வைத்து, அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டாள்.

11 டிசம்பர்

பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ரோசம்மாள் அதன் நீளத்தைச் சாண் சாணாக அளந்தாள்.

"என் புள்ள ஒயரந்தான்" என்றாள்.

பெட்டிகள் எல்லாம் ஒரே நீளம்தான் இருக்கும் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் விழுந்தது.

20 ஜனவரி 2025

பேனரைக் கழற்றிவிட்டார்கள். ரோசம்மாள் அதைக் கேட்டு வாங்கி வந்து, மாடியில் துணி காயப்போடும் இடத்துக்கு மேலே கூரையாகக் கட்டியிருக்கிறாள். படம் கீழ்ப்பக்கம். மழைக்காம்.

வேன் வருவதற்கு முன்னால் தினமும் அந்த மே மாதப் பதிவைப் போடுகிறாள். கீழே எனக்குக் கேட்கிறது. தெருவில் யாரும் இப்போது என்னைச் சோடா சார் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் தேவலை.

14 செப்டம்பர்

ஆரம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். திரும்பும்போது எளாவூரில் பஸ்ஸுக்காக டீக்கடையில் உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சில் மூன்று நான்கு பையன்கள். ஆரணிப் பக்கத்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. நடுவில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன். முகம் தெரியாது. வாயைத் திறந்ததும் குரல் தெரிந்தது. ஆதிகேசவன்.

"நான் சொல்றது வேணாம். போனவன் சொல்றத கேளுங்க நைனா" என்று போனை மேசைமேல் வைத்தான்.

*நாஷ்டா துன்றதுக்குள்ள ஒரு ஊரயே புட்ச்சிட்டோம்!*

கடைசிவரை போட்டான். சோடா வரும் இடத்தில் பையன்கள் விழுந்து சிரித்தார்கள். எளாவூர் செக்போஸ்ட் எதிரிலேயே இருந்ததால் அதற்கும் சிரித்தார்கள்.

"இந்த அண்ணன் இப்போ எங்க கீறாரு?" என்றான் ஒருவன்.

"அங்கியே செட்டில்பா."

எழுந்தேன். டீ கையில் கொட்டியது. ஒத்திகை பார்க்காமல் என் வாயிலிருந்து வந்தது: "அவன் செத்துப்போயிட்டான். நான் அவா கீழ் வீடு. பெட்டியிலதான் வந்தான், திறக்கக்கூட விடலை. அந்த ஊர்ல யாருமே இல்லைப்பா. போகாதீங்கோ. தயவுபண்ணிப் போகாதீங்கோ."

ஒரு பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். டீ கொட்டிய என் கையைப் பார்த்தான். அவன் முகம் மெதுவாக மலர்ந்தது.

"டேய்! கீழ்வூட்டு சாருடா! சோடா சாரு இவருதாண்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட பையன்கள் இல்லை. ஒருவன் என் தோளைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தான். "பயப்படாத பெருசு. எங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

ஆதிகேசவன் கடைக்காரரிடம் விரலைத் தூக்கினான். என் முன்னால் ஒரு சோடா வந்தது.