முட்டத்தம்மைக்கு, பகவதியின் அம்மா எழுதுவது

இன்று காலையில் பார்லிக் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. பாத்திரத்தை இறக்கி வைத்த பிறகும் அந்தத் தீய்ந்த மணம் வீட்டை விட்டுப் போகவில்லை. எனக்கு அது நாகர்கோவில் ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டு மணம். நீ ஒரு நாளாவது கஞ்சியை அடிப்பிடிக்காமல் காய்ச்சியிருக்கிறாயா?

அப்போது பகவதிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. மேலண்ணம் பிளந்து பிறந்தவள். குடித்த பால் மூக்கு வழியே வந்துவிடும். போதாததற்கு வலிப்பு வேறு. எடை ஏறினால்தான் அண்ணத்தைத் தைக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வார்டிலேயே கிடந்தோம். பக்கத்துக் கட்டிலில் உன் மகன் சூசை. நெஞ்சில் பிறவிக் கோளாறு. அழுதால் உதடு நீலம் பாரித்துவிடும் என்று அவனை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டாய்.

நான் வயல்காட்டு வெள்ளாளர் வீட்டுப் பெண், நீ முட்டத்துக் கடற்கரைக்காரி. அந்தத் தயக்கத்தில் என்னை ‘நீங்க’ என்றுதான் அழைத்தாய். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டும்போதே பகவதிக்கு வலிப்பு வந்தது. பதறிப்போய் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“ஏட்டி, பிள்ளைய சரிச்சுப் பிடி! கஞ்சி மூச்சுல போயிரும்!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாய். வலிப்பு அடங்கிய பிறகுதான் ‘ஏட்டி’ என்றது உனக்கு உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாய். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு நமக்குள் ‘நீங்க’ கிடையாது. ஒருத்தி உறங்கினால் மற்றவள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். உன் கையால் பகவதி கஞ்சி குடிப்பதைப் பார்த்து என் மாமியார் முகத்தைத் திருப்பினாள். பிள்ளை திருப்பவில்லை.

ஒரு விடியற்காலையில் சூசை போய்விட்டான். உன் கணவர் அவனைத் துணியில் பொதிந்து வாங்கிக்கொண்டார். நீ என்னைத் திரும்பிப் பார்க்காமலே போனாய். இனி வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன்.

மழை தொடங்கிய பிறகு, ஒரு மத்தியானம் வார்டு வாசலில் வந்து நின்றாய். சூசையின் கட்டிலில் வேறொரு குழந்தை. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாய்.

“கண்ணு ரெண்டும் குழிக்குள்ள கெடக்கு. போயி ஒறங்குட்டி. பிள்ளைக்கு நான் குடுக்கேன்.”

“இங்க வர ஒனக்கு எப்பிடி மனசு வந்திச்சி?”

“வீட்டுல கை சும்மா கெடக்குல்லா. அதத்தான் தாங்க முடியல்ல.”

நான் விழித்தபோது பகவதி உன் மடியில் இருந்தாள். “மெதுவா முழுங்கு, சூசை மக்கா, மெதுவா,” என்று ஊட்டிக்கொண்டிருந்தாய். பெயர் மாறியது உனக்கே தெரியவில்லை. நான் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அண்ணத்தைத் தைத்தார்கள். மாத்திரையில் வலிப்பும் குறைந்தது. ஆனால் பேச்சு மூக்கால்தான் வந்தது. எங்கள் வீட்டிலேயே பாதிப் பேருக்கு விளங்காது. நீ வரும்போதெல்லாம் அவளை எதிரே உட்கார்த்திப் பேச வைப்பாய். அவள்தான் உனக்கு முட்டத்தம்மை என்று பேர் வைத்தாள்.

போன ஆடியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. எங்களுக்குச் சேதி பிந்தித்தான் வந்தது. நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த கொண்டாட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, பகவதியைக் கூட்டிக்கொண்டு முட்டத்துக்குப் போனேன். உன் கணவர் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பகவதி அவரை அண்ணாந்து பார்த்து என்னவோ கேட்டாள். அதை நான் விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே பதில் சொன்னார்.

“அம்மை இங்கதான் மக்கா கெடக்கா. சூசைக்கப் பக்கத்துல.”

“அவ பேச்சு ஒங்களுக்கு எப்பிடி விளங்கிச்சி?” என்று கேட்டேன்.

“ஒங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பினா, பிள்ள பேசினத அதே மாதிரி பேசிக் காட்டுவால்லா. கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு.”

பஸ்ஸில் திரும்பும்போது பகவதி வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். முன்சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போதும் அவள் புதிதாக ஒன்று சொன்னால், உனக்குப் பேசிக் காட்ட வேண்டுமென்று மனசு அதை எடுத்து வைத்துக்கொள்கிறது. நிறையச் சேர்ந்து கிடக்கிறது, ஏட்டி.