அரை நொடி தெரிந்த பெட்டி

2003 டிசம்பர் 2, செவ்வாய்

கொடைக்கானலில் மூன்றாம் நாளாகச் சூரியனைக் காணவில்லை. யாரோ சாக்கில் கட்டி வத்தலக்குண்டுக்கு இறக்கிவிட்டார்கள் என்று சந்தேகம். மேகம் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குள்ளேயே வந்து, கஸ்டமர் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இன்றைய சோலிகள்: லாட்ஜ் பிரின்டருக்கு ரிப்பன். டாக்டர் வீட்டு மவுஸ், உருண்டையைக் கழட்டிக் கழுவ. யு.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணீர். ஸ்வெட்டர் முழங்கை ஓட்டை தைக்க (நான்காவது வாரம்).

பதினொரு மணிக்கு அத்தான். அக்கா வீட்டுக்காரர், ஏரிப் பக்கம் தைலக்கடை. சாதாரணமாக ஆளுக்கு அரை மைல் முன்னால் தைல வாசனை வரும். இன்று வாசனையை முந்திக்கொண்டு ஆள் வந்துவிட்டார். வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினார். 

"மாப்ளே, நீ பெரிய ஆளுதான?"

"அதுல என்ன சந்தேகம் அத்தான்."

"நம்ம தேனு எந்நேரமும் அந்தப் பொட்டி முன்னாலயே கெடக்கா. யாருக்கோ டொக்கு டொக்குன்னு அடிக்கிறா. நான் கிட்டப் போனா வெரசா மாத்திப்புடுறா. எவனோ ஒருத்தன் இருக்கான்."

"சேச்சே."

"என்ன சேச்சே? ஞாயித்துக்கெழம பழனியில இருந்து எங்கக்கா குடும்பத்தோட வருது, கல்யாணம் பேசி முடிக்க. அதுக்கு முன்னால அவ யாருக்கு என்ன அடிக்கிறான்னு எனக்குத் தெரியணும். அவளுக்குத் தெரியாம. உன்னால முடியுமா முடியாதா?"

தேனு என்பது தேன்மொழி. அக்காவின் ஒரே மகள். இருபத்திரண்டு வயது, கணக்கில் பட்டம். அந்தக் கம்ப்யூட்டரை இந்தக் கைகளால்தான் ஒவ்வொரு திருகாக மாட்டி அவளுக்குக் கொடுத்தேன். ஆகவே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். 'முடியுமா முடியாதா' என்று என்னைக் கேட்டுவிட்டாரே, அங்கேதான் வழுக்கிவிட்டேன். பழனி மலைத்தொடரின் ஒரே கணினிச் சக்கரவர்த்தி அடியேன். பிரம்மா நாலு தலையை வைத்துக்கொண்டு செய்வதை நாற்பது வரியில் முடிப்பவன்.

"ரெண்டே நாள் அத்தான்."

 

டிசம்பர் 3, புதன்

அதே மேகம். நாற்காலி மாறி உட்கார்ந்திருக்கிறது.

புரோகிராம் பாதி ஆயிற்று. விசைப்பலகையில் எதை அடித்தாலும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். இது காலை டீக்குள் முடிந்தது. தொல்லை வேறு இடத்தில். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகக் கிளம்ப வேண்டும், ஆனால் திரையில் முளைக்கும் அதன் டயலாக் பெட்டி கண்ணில் படக்கூடாது.

பெட்டி பிறக்கும் இடத்திலேயே 'மறைந்து போ' என்று ஒரு வரி எழுதினேன். ஓட்டினேன். நட்டநடுத் திரையில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தது. மறுபடி ஓட்டினேன். மறுபடி மாப்பிள்ளை.

பிறகுதான் விளங்கிற்று. பிறக்கும்போது சொன்ன பேச்சைக் கேட்டு மறைந்துதான் இருக்கிறது. பிறந்து முடிந்ததும் விண்டோஸ் என்னும் பெரிய மனிதர் வந்து, 'எல்லாரும் பாருங்க' என்று தூக்கிக் காட்டிவிடுகிறார். நான் சொல்வது முன்னால், அவர் சொல்வது பின்னால். பின்னால் சொன்னவர் ஜெயிக்கிறார்.

திரைக்கு வெளியே தள்ளிப் பார்த்தேன். பெட்டி போயிற்று, கீழே பட்டையில் அதன் பெயர் நிற்கிறது. டைமர் வைத்துத் தோன்றியதும் மறைத்தேன். மறைகிறது. ஆனால் அரை நொடி தெரிகிறது. பளிச். அவ்வளவுதான்.

அரை நொடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நாற்பது முறை சொல்லிக்கொண்டேன். நாற்பது முறையும் யாரோ பார்த்தார்கள்.



டிசம்பர் 4, வியாழன்

போட்டுவிட்டு வந்துவிட்டேன். எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு அக்கா வீடு. 'வைரஸ் பார்க்க' என்று பொய். தேனு இஞ்சி டீ கொண்டுவந்து தந்தாள். தந்தவள் போகவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"மாமா, கை நடுங்குது."

"குளிரு."

"உங்களுக்கா? போன வருசம் உறைபனியில சட்டையில்லாம ஏரிய மூணு சுத்து ஓடுனேன்னீங்க."

"அது போன வருசத்துக் குளிரு. நல்ல குளிரு."

பிளாப்பியிலிருந்து ஏற்றியாயிற்று. இனி ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். அவள் சமையல்கட்டுக்குப் போகட்டும் என்று ஒரு டீயை இருபது நிமிஷம் குடித்தேன். போகவில்லை. சரி என்று போட்டேன். விண்டோஸ் சத்தம் வந்தது. மேகப் படம் வந்தது. பளிச்.

"என்ன மாமா அது? ஏதோ பொட்டி வந்துட்டுப் போச்சு."

"எங்க?"

"நடுவுல. சாம்பக் கலர்ல."

"அது வந்து தேனு, மானிட்டரு தூங்கி எந்திரிக்கும்போது கண்ணக் கசக்கும்."

இந்த மாதிரி சொன்னால் எப்போதும் தலையில் கொட்ட வருவாள். இன்று வரவில்லை. "ஓஹோ" என்று மட்டும் சொன்னாள். அந்த 'ஓஹோ' நாயுடுபுரம் இறக்கம் முழுக்க என் பின்னால் நடந்து வந்தது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

வெயில்! ஏழு நிமிஷம். பிறகு அதுவும் பயந்து போய்விட்டது.

வெள்ளனே கடையைத் திறந்தேன். அந்த அரை நொடியை ஒழிக்காமல் எனக்கு மூச்சு வராது. போன் கம்பியில் நெட்டைப் பிடித்துத் தேடினால், எந்தத் தேசத்திலோ ஒரு புண்ணியவான் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறான். எதற்காக ஒளிக்கிறான் என்று அவன் சொல்லவில்லை. பதில் சொன்னவர்களும் கேட்கவில்லை.

வழி இதுதான். ஒரு பெட்டி திரையில் தோன்றும் முன் அதற்கே ஒரு சேதி வருகிறது: 'இதோ தோன்றப்போகிறாய்.' அந்தச் சேதியை வழியில் மறித்து, 'தோன்று' என்ற ஒரே குறியை மட்டும் அழித்து அனுப்ப வேண்டும். பெரிய மனிதர் தூக்கிக் காட்டத்தான் செய்கிறார். கையில் ஒன்றும் இல்லை. மூன்று வரி. பதினோரு முறை அணைத்துப் போட்டேன். பதினோரு முறையும் வெறும் திரை.

பதினாலு லோகத்திலும் இப்படி ஒளித்தவன் இல்லை என்று எழுந்து நின்று கை தட்டினேன். தட்டிவிட்டு, ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லையே என்று தோன்றியது. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அமுக்கினால் வரும் பட்டியலில் இருந்தது. சத்தமில்லாமல், பெயர் மட்டும்.

பிறகு லாட்ஜ் மேனேஜருக்கு ஒரு கடிதம் அடித்தேன். 'அந்தக் கஞ்சப் பிசினாறி' என்று தொடங்கி, அழித்து, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று மாற்றினேன். அடித்து முடித்த பிறகுதான் நினைவு வந்தது. கோப்பைத் திறந்து பார்த்தேன். மதிப்பிற்குரிய ஐயா இருக்கிறார். கஞ்சப் பிசினாறியும் இருக்கிறார். அழித்த ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அழிப்புக் குறி, வரிசையாக. நான் அழித்ததை அது அழிக்கவில்லை.

என் கடை, என் மெஷின், நான் எழுதிய புரோகிராம். அப்படியும் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது.

மதியம் அக்கா வீட்டுக்குப் போய்ப் புதியதைப் போட்டேன். தேனு கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அக்கா காலிஃபிளவர் நறுக்கிக்கொண்டே, "ஏலே தம்பி, வாரத்துக்கு ஒரு வாட்டி எட்டிப் பாக்காதவன் ரெண்டு நாளா வந்து விழுகிற. என்ன சங்கதி?" என்றாள். பாசம் என்றேன். நம்பவில்லை. சோறு போட்டாள்.

நேற்றிலிருந்து சேர்ந்த கோப்பை பிளாப்பியில் எடுத்து வந்தேன். சட்டைப் பையில் தேளை வைத்துக்கொண்டு நடந்த மாதிரி. இன்று திறக்க மாட்டேன்.

டிசம்பர் 6, சனி

காலை

திறந்துவிட்டேன்.

முதலில் பாஸ்வேர்ட். பார்க்காத மாதிரி தாண்டினேன். பிறகு 'டியர் சார்' என்று யாருக்கோ ஓர் இங்கிலீஷ் கடிதம். அதற்குக் கீழே, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து ஒரு பத்தி. முதல் சொல்: மாமா.

அப்படியே பெயர்த்து எழுதுகிறேன்:

"மாமா இது உங்களுக்கு. பொட்டி அரை செகண்டுதான் வந்துச்சு ஆனா பட்டனைப் பாத்துட்டேன். ஓ.கே. இருக்க வேண்டிய எடத்துல ஆகட்டும்னு போடுற ஆளு இந்த மலையில நீங்க ஒருத்தர்தான். நான் யாருக்கு அடிக்கிறேன்னு அப்பா வேவு பாக்குறாரு, அவரு சொல்லித்தான் செஞ்சிருப்பீங்க. பயலும் இல்ல ஒண்ணும் இல்ல. கோயம்புத்தூர்ல வரைபடம் போடுற கம்பெனி. கம்ப்யூட்டர்ல ரோடு, ஓடை எல்லாம் வரையணும். வேலை கெடச்சிருச்சு. செவ்வாக்கெழம சேரணும். திங்கக்கெழம காலையில பஸ். அப்பாகிட்ட நான்தான் சொல்லுவேன். ஞாயித்துக்கெழம எல்லாரும் இருக்கும்போது சொல்லுவேன். தனியா சொன்னா வெளிய விடமாட்டாரு. அதுக்கு முன்னால நீங்க தாள்ல அடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா எல்லாம் முடிஞ்சுது."

அதற்குப் பிறகு: "பயமா இருக்கு மாமா."

அதற்குப் பிறகு அழிப்புக் குறிகள். எண்ணினேன். பதினெட்டு. முழுசாக அழித்துவிட்டு, அந்த இடத்தில், "சரி டீ ஆறுது போறேன்" என்று அடித்திருக்கிறாள்.

அவள் எனக்குக் காட்ட நினைக்காததையும் நான் படித்துவிட்டேன்.

மாலை

ரெண்டே நாள் என்றது நாலாகிவிட்டது, நாலு மணிக்கு அத்தான் வருகிறார். பிளாப்பியில் இருந்ததை அழித்தேன். போதாதென்று கத்தரியால் வெட்டினேன். நாலு துண்டு. குளிர் காயும் அடுப்புக்குள் போட்டு, நாற்றம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தேன். வந்தார்.

"என்ன மாப்ளே, சிக்குனானா?"

"ஓடல அத்தான்."

"எவன் ஓடல?"

"என் புரோகிராம். எனக்கு அதச் செய்யத் தெரியல."

எனக்குத் தெரியல. நாற்பத்தி மூன்று வருஷத்தில் இந்த வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. கொடைக்கானல் ஏரி ஒரு சாண் வற்றியிருக்கும்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊரெல்லாம் அளந்துக்கிட்டுத் திரியிற. ஒரு பொட்டிய ஒளிச்சு வைக்கத் துப்பில்ல. மொதல்லயே சொல்லியிருந்தா மதுரையில ஆளப் பாத்திருப்பேன்ல?"

இந்தப் பூமியிலேயே மிக நன்றாக ஒளிக்கப்பட்ட பெட்டி என்னுடையது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். பலாக்கொட்டை விழுங்கிய மாதிரி போயிற்று.

அவர் தலை மறைந்ததும் இன்னொன்று உறைத்தது. நேற்றுப் போட்ட புதியதில் அரை நொடி இல்லை. அவளுக்கு அந்த அரை நொடிதான் அடையாளம். அது வரவில்லை என்றால், நான் எடுத்துவிட்டேன் என்றல்லவா நினைப்பாள்? ஷட்டரைக்கூடப் பூட்டவில்லை. ஏற்றத்தில் ஓடினேன்.

தேனு அடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் கடையில், சனிக்கிழமைக் கூட்டம். அக்கா பின்கட்டில்.

"தேனு, கைய எடு."

"என்ன மாமா, இப்படி இரைக்குது?"

"அது இன்னும் உள்ள இருக்கு."

"பொட்டியா? நேத்து சாயங்காலமே வரலியே. மனசு மாறி எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"நேத்துதான் நல்லா ஒளிச்சேன்."

சுடு தோசைக்கல்லில் பட்டது போல் கையை எடுத்தாள். "நேத்திருந்து அடிச்சது எல்லாமா?"

"எல்லாம்."

  "எடுங்க" என்றாள். எடுத்தேன். கோப்பையும் அழித்தேன். அணைத்துப் போட்டேன். வெறும் திரை.

"இப்ப இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேன்ல."

"அது போதாது மாமா."

போதாதுதான். மூன்று விசையை அமுக்கிப் பட்டியலைக் காட்டினேன். ஒவ்வொரு பெயராக, இது என்ன, இது என்ன என்று கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டாள். காய்ச்சல் குறிக்கும் நர்ஸ் மாதிரி. பதினாலு பெயர். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடிக்கும்போது எனக்கு வேர்த்துவிட்டது. டிசம்பரில், கொடைக்கானலில்.

"அத்தான்கிட்ட ஒண்ணும் சொல்லல. எனக்குச் செய்யத் தெரியலன்னுட்டேன்."

அப்போதுதான் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "நீங்களா?"

"நானேதான்."

குறித்த தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு நான் பேசும்போது சமையக்கட்டுக்குப் போயிராதீங்க."

"நான் எதுக்குப் போறேன்?"

"வீட்டுல சத்தம் வந்தாலே போவீங்க. தண்ணி குடிக்கப் போறேன்னு போய் சண்டை முடிஞ்சு வருவீங்க."



டிசம்பர் 7, ஞாயிறு, மாலை 4

சொல்லிவிட்டாள்.

பத்தரைக்கு வேன். பழனியிலிருந்து ஆறு பேர், பஞ்சாமிர்த டப்பா ஒரு டஜன். மாப்பிள்ளைப் பையன் சாது. முறுக்கைச் சத்தம் வராமல் கடிக்கிறான். தேனு தண்ணீர் டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். கால் பெருவிரல் தரையில் அழுந்தி வெளுத்திருந்ததைப் பார்த்தேன்.  சமையல்கட்டு நாலு அடி தூரம். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, எனக்குக் கோயம்புத்தூர்ல வேலை கெடச்சிருக்கு. நாளைக்குக் காலையில போறேன். கல்யாணம் இப்ப வேணாம்."

அத்தானின் அக்காதான் முதலில்: "பொம்பளப் பிள்ள, தனியாவா?"

"ஆஸ்டல் இருக்கு அத்தை. நாலு பேரு ஒரு ரூமு."

"எங்க வழியாத்தான பஸ்சு போகும்?" என்று கேட்டான் பையன். அவன் அம்மா அவனைப் பார்த்த பார்வையில் முறுக்கு நின்றது.

அத்தான் தேனுவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "மாப்ளே. உனக்கு முன்னமே தெரியுமா?"

கூடத்தில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம். இல்லை என்றால் அவள் தனியாக நிற்பாள். ஆமாம் என்றால், நேற்றுச் சொன்னது பொய் என்று அந்த நிமிஷமே அவருக்குப் புரியும். அளந்துவிட ஆயிரம் கதை தெரிந்தவன். 

"தெரியும் அத்தான்."

அவர் எழுந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பழனிக்காரர்கள் மரியாதையாகச் சாப்பிட்டார்கள், மரியாதையாகக் கிளம்பினார்கள். அக்கா பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்தாள். தேனு ஸ்வெட்டர்களை மடித்து வைக்கிறாள். போவாள். அது முடிந்த சங்கதி.

என் சங்கதி முடியவில்லை. கடையின் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேகம் இறங்கிவிட்டது, எதிர்வீடு தெரியவில்லை. ஷட்டர் இறக்கித்தான் இருக்கிறது. விளக்கையும் அணைத்துவிட்டால் ஆள் இல்லை என்று யாரும் திரும்பிப் போய்விடுவார்கள்.

வண்டிச் சத்தம். நின்றுவிட்டது. தைல வாசனை.

ஷட்டரை இரண்டு தட்டு. "மாப்ளே, உள்ள இருக்கியா?"

 எழுத்து கோணுகிறது. இருக்கேன் அத்தான் என்று சொல்லிவிட்டேன். எழுந்து போய்த் திறக்க வேண்டியதுதான்