ஐம்பத்து மூன்று மணியும் பற்றவைக்காத ஸ்டவ்வும்

இயேசு மரி சூசை துணை

ஜவ்வாது மலை
12.11.1978, ஞாயிறு

அன்புள்ள பிலிப்பின் அப்பாவுக்கு, பிலோமினாள் எழுதிக்கொள்வது.

நீங்கள் சுகமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். இங்கே பிலிப்புக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. மழை விட்டுச் சாமை அறுப்பு நடக்கிறது, பகலில் ஊரில் ஆளே இல்லை. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது. உட்கார்ந்து படியுங்கள்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் புதுக் கம்பவுண்டர்களுக்கு மேற்பார்வையாளராகப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வியாழக்கிழமை நாற்பது பேர் முன்னால் ‘செபத்தால் வளரும் நல்ல பழக்கங்கள்’ என்று பேசச் சொல்லியிருக்கிறார்களாம். செபத்தைப் பற்றி எழுதிவைத்த பழைய நோட்டை அனுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நோட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. கையில் எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டுவிட்டேன். அனுப்ப மாட்டேன்.

அந்தப் பழக்கத்தை உங்களுக்குக் கொடுத்தது முன்பு இங்கே மருந்தகத்தை நடத்திய பெர்னதெத் சிஸ்டர். ஏழாவது மட்டும் படித்த உங்களை இந்த மருந்தகத்தில் கம்பவுண்டராக்கியதும் அதுதான். ஊசியையும் கண்ணாடி சிரிஞ்சையும் தண்ணீரில் போட்டு ஸ்டவ்வைப் பற்றவை, தண்ணீர் கொதி வந்ததும் செபமாலையின் முதல் மணியைப் பிடி, ஐம்பத்து மூன்று மணியும் நிதானமாகச் சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆகும், அதுவரை இறக்காதே என்றார். கைக்கடிகாரம் மலைக் குளிரில் நின்றுபோகும், செபம் நிற்காது என்பார். முதல் பத்து வருஷம் அப்படியே செய்தீர்கள். அதைப் பார்த்துத்தான் பங்குச் சாமியார் உங்களுக்கு அவ்வளவு நல்ல சிபாரிசுக் கடிதம் கொடுத்தார்.

புது ஆள் வரும்வரை என்னை மருந்தகத்தைப் பார்க்கச் சொன்னார்கள் அல்லவா? மூன்றாம் நாள் குப்பன் ஊசிக்கு வந்தான். நான் ஸ்டவ்வுக்குக் காற்றடிப்பதைப் பார்த்துச் சிரித்தான். “இன்னாம்மா, நீ தண்ணிய வேற கொதிக்க வெக்கிற? அய்யா மணி உருட்டி முடிச்சாலே ஊசி சுத்தமாய்டும்னு சொல்வாரே” என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். வரிசையில் நின்ற மற்ற நாலு பேரும் அதையே சொன்னார்கள். ரெண்டு வருஷமாக அடுப்பே மூட்டுவதில்லையாம். நீங்கள் முட்டி போட்டுச் செபம் சொல்வீர்களாம், அவர்களும் கைகூப்பி நிற்பார்களாம், பிறகு பச்சைத் தண்ணீரில் அலசிப் போடுவீர்களாம். சீ!

எப்படி ஆரம்பித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மழைநாளில் ஸ்டவ் பிடித்திருக்காது. அப்படியே போட்டிருப்பீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. மறுநாள் பிடிக்கிற ஸ்டவ்வையும் பற்றவைக்கச் சோம்பல் வந்திருக்கும். செபத்தை மட்டும் விடவில்லை, ஏனென்றால் அதைத்தான் நாலு பேர் பார்த்தார்கள்.

இதோடு போயிருந்தால் உங்களோடு சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பேன். சடையன் பெண்டாட்டி பச்சையம்மாவை ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் கீழே போவதற்கு முந்தின வாரம் இடுப்பில் ஊசி போட்டீர்கள். அந்த இடம் பழுத்து, கைப்பிடி அளவு வீங்கி, சீழ் உள்ளே இறங்கிவிட்டது. காலை ஊன்ற முடியவில்லை. அனலாய்க் காய்கிறது. நேற்றுத்தான் எனக்குத் தெரிந்து அவள் ஊருக்கு நடந்துபோய்ப் பார்த்தேன். துணியை விலக்கியதும் அடித்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். “அய்யா மேல தப்பு இல்லம்மா. வீங்கினப்பவே போய்க் காட்டினேன். உனக்கு விசுவாசம் இல்ல, அதான் பழுத்துடிச்சின்னு சொன்னாரு. அதான் நானும் சாமி கும்பிட்டுட்டு கெடக்கிறேன்” என்றாள்.

எப்படி ஐயா உங்களுக்கு வாய் வந்தது? உங்கள் சோம்பலைக் கொண்டுபோய் அவள் விசுவாசத்தின் தலையில் கட்டினீர்களே! அந்த வாயில்தான் மறுநாள் பூசையில் நன்மை அப்பம் வாங்கினீர்கள். நான் பக்கத்தில் முட்டி போட்டிருந்தேன்.

என்மேலும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது. மருந்தகத்து மண்ணெண்ணெய் மீந்துவிட்டது என்று நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஏன் மீந்தது என்று நான் கேட்கவில்லை. அதில்தான் உங்களுக்குச் சோறு ஆக்கினேன். போன திங்கட்கிழமை முப்பது பேர் காத்திருந்தபோது நானும் மணிகளைக் கடகடவென்று உருட்டி ஏழெட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டேன். கைக்கு அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று பயந்து, மறுபடி முதல் மணியிலிருந்து சொன்னேன். காத்திருந்தவர்கள் திட்டினார்கள், திட்டட்டும்.

பச்சையம்மாவை நாளைக்கு அங்கே கொண்டுவருகிறேன். அறுப்புக்குப் போன ஆட்கள் இன்று இருட்டித்தான் திரும்புவார்கள், அதனால் விடியற்காலையில் டோலியில் தூக்கிவந்து பஸ் ஏற்றுகிறோம். ஆலங்காயத்தில் மாறி உங்கள் ஆஸ்பத்திரிக்கு வரப் பன்னிரண்டு மணியாகும். தபால் எங்களுக்குப் பின்னால்தான் வந்து சேரும் என்பதால் இதைக் கண்டக்டர் கோபாலிடம் கொடுத்தனுப்புகிறேன். காலையில் உங்கள் கையில் கிடைத்துவிடும்.

வேலை போய்விடும் என்று பயப்படுவீர்கள். போகலாம். நாம் கூலிக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம், அதைப்பற்றி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் வியாழக்கிழமை அந்த நாற்பது பிள்ளைகளுக்கு நீங்கள் இதையே கற்றுக்கொடுத்தால், அவர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய் ஊசி போடுவார்கள். ஆஸ்பத்திரியில் உண்மையை நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன், அதில் மாற்றமில்லை. உங்கள் வாயால் வந்தால் நான் இன்னும் உங்கள் பக்கத்தில் நிற்க முடியும்.

நாளை டாக்டர் அம்மா அவளைப் பார்த்ததும், இது எப்படி ஆயிற்று என்று கேட்பார்கள். அவள் என்ன சொல்லப்போகிறாள் தெரியுமா? எனக்கு விசுவாசம் பத்தல அம்மா என்று சொல்லப்போகிறாள். வழியில் மறந்துபோகக் கூடாதென்று நேற்று நான் கிளம்பும்போதே அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் அங்கே வந்து நில்லுங்கள். சர்வேசுரன் உங்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியாக இருக்க ஆசைப்படும்
பிலோமினாள்