ஜானி தின்ற படையல்

என் உயிரான அம்மாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். விளக்கைப் போட்டு உட்கார்ந்தாலே "கண்ணு கெட்டுப்போவும், படு" என்பாய். படுத்துப் பார்த்தேன். மாடியில் ஜானி முனகுகிறதா என்று காது அங்கேயே போகிறது. முனகினால் பயமாக இருக்கிறது. முனகாவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

ஜானியை உனக்குத் தெரியாது. நாங்கள் தஞ்சாவூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்ததே நீ போன பிறகுதான். கீழே நானும் யாழினியும். உன் மாப்பிள்ளை இன்னும் மஸ்கட்டில்தான். மாடியில் வீட்டுக்கார ஆன்ட்டி தனியாக இருக்கிறார், துணைக்கு ஜானி. செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய், தயிர்ச்சோறு தின்றே வளர்ந்தது. உன் பேத்தி காலையில் கண்விழித்ததும் என்னைத் தேடுவதில்லை, அதைத்தான் தேடுகிறாள்.

வீடு பார்க்க வந்த அன்று ஆன்ட்டி கேட்டார்.

"நான்வெஜ் உண்டாம்மா?"

"கோழி, மீன் உண்டுங்க."

"அது பரவால்ல. அதுக்கு மேல எதுவும் இந்த வீட்ல வேணாம்."

அதுக்கு மேல என்றால் என்னவென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று உனக்குத் தெரியும். வலங்கைமான் பக்கம் நடவுக்குப் போய் நீ என்னை எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வைத்தாய். இங்கே வீடு தேடியபோது எல்லாரும் ஊரைக் கேட்டார்கள், அப்புறம் தெருவைக் கேட்டார்கள், அப்புறம் "வேற ஆளுக்குச் சொல்லிட்டோமே" என்றார்கள். இந்த ஆன்ட்டி மட்டும்தான் தெருவைக் கேட்கவில்லை.

நேற்று உனக்கு முதல் வருஷப் படையல். தம்பி ஊரிலிருந்து பன்றிக்கறி வாங்கி, வாழையிலையில் சுற்றி, லேப்டாப் பையில் வைத்துக் கொண்டுவந்தான்.

"ஏன்டா இதுல வச்சுக் கொண்டாந்த?"

"பின்ன, தலையில வச்சுக்கிட்டா வருவாங்க? பஸ்ல பக்கத்துல இருந்தவரு, தம்பி ஐ.டி.யான்னு கேட்டாரு. ஆமாங்கன்னுட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். ஜன்னல்களைச் சாத்தி, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, கறியைக் குக்கரில் ஏற்றினேன். நீ செய்கிற மாதிரியே கொழுப்போடு, சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகும் தூக்கலாக. உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு எல்லாம் வைத்தோம். காக்காய்க்கு மட்டும் மதிலில் வெறும் சோறும் வடையும் வைத்தேன். மதில் மாடியிலிருந்து தெரியும்.

காக்காய் வரவேயில்லை. தம்பி கத்திக் கத்திக் கூப்பிட்டுப் பார்த்தான். "கறிய மறைச்சிட்டேல்ல, அம்மாவுக்குக் கோவம்க்கா" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

மீதிக் கறியை என்ன செய்ய? ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது. ஆன்ட்டியுடையது ரிப்பேர், அவர் பூவும் மாவும் என் ஃப்ரிட்ஜில்தான் இருக்கின்றன. குப்பையிலும் போட முடியாது. இரண்டு வீட்டு வாளியையும் அவர்தான் பிரித்து வண்டியில் கொட்டுவார். அதோடு உனக்குப் படைத்ததைக் குப்பையில் போட எனக்கு எப்படி மனசு வரும்? அப்போதுதான் பின்வாசல் படியில் ஜானி வந்து நின்றது. வாலாட்டவில்லை. என்னையே பார்த்தது.

நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்தேன் அம்மா. கறி, கொழுப்பு, எலும்பு எல்லாவற்றையும் சோற்றில் பிசைந்து வைத்தேன். தட்டை நக்கி முடித்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

இன்று காலை ஜானி வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தது. நெஞ்சைத் தரையில் அழுத்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நடுங்கியது. ஆன்ட்டி தலைமுடியைக்கூட முடிந்துகொள்ளாமல் கீழே ஓடிவந்தார். "எதிர்வீட்டுக்காரன்தான். ரொம்பக் குரைக்குதுன்னு அன்னைக்குக் கத்துனான்ல, விஷம் வச்சிட்டான்." அங்கே கேட்டைத் தட்டப் போனவரைக் கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் ஏற்றினேன்.

டாக்டர் முதலில் கேட்டதே அதுதான். "என்ன சாப்பிட்டுச்சு?"

"தயிர்சாதம் டாக்டர். வேற பழக்கமே இல்ல" என்றார் ஆன்ட்டி.

வயிற்றை அமுக்கினார். ஜானி கத்தியது. "கொழுப்பா ஏதோ தின்னுருக்கு. பன்னிக்கறி ஏதும் கெடைச்சிருக்குமா?"

ஆன்ட்டிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம வீட்ல அதெல்லாம் ஏது டாக்டர்."

என் இடுப்பில் யாழினி. நான் வாயைத் திறந்தேன். "கோழிக்கறி கொஞ்சம் வச்சேன்" என்றேன். கோழி, அம்மா. ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிற இடத்திலும் எனக்குக் கோழி என்றுதான் வந்தது.

ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். ஆட்டோவில் ஆன்ட்டி என் கையைத் தட்டிக் கொடுத்தார். "பாசத்துல வச்சிருப்ப, விடு. கோழிக்கெல்லாம் இப்படி ஆவாது. இது விஷம்தான். காலையில போலீஸ்ல எழுதிக் குடுக்கப்போறேன்."

சாயங்காலம் பேச்சு மாடிக்குக் கேட்காமல் இருக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, டாக்டருக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "பன்னிக்கறி விஷம் இல்லம்மா. உப்பு, மசாலா இல்லாம நல்லா வேகவச்சு, கொழுப்பும் எலும்பும் எடுத்துட்டு, ரெண்டு துண்டு குடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அவ்வளவு கொழுப்ப அதால தாங்க முடியாது, கணையம் வீங்கிடும். வெங்காயம், பூண்டு ரத்தத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு ஒடைஞ்சு உள்ள குத்தும்."

"எம் பொண்ணு ஜானியோட பிஸ்கட்டப் பங்கு போட்டுத் தின்னா டாக்டர். அவளுக்கு எதுவும்…"

"குக்கர்ல வெந்ததுதானே? பச்சையாவோ அரைவேக்காடாவோ குடுத்தாத்தான் புழு பயம். கைய நல்லாக் கழுவி விடுங்க, போதும். ராத்திரி வயிறு உப்புனாலோ, எந்திரிக்க முடியலன்னாலோ உடனே கூப்பிடுங்க. இல்லன்னா விடிஞ்சதும் கொண்டாங்க, எக்ஸ்ரே எடுக்கணும், ரத்தம் பாக்கணும். எதுக்குன்னு ஓனருக்குத் தெரியணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

நானே சொல்கிறேன் என்றேன். ஜானியைப் பார்க்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். வயிறு உப்பவில்லை. ஆன்ட்டி அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தார். சொல்லாமலே இறங்கி வந்துவிட்டேன். உன் மாப்பிள்ளை போனில், "கோழின்னே இருக்கட்டும். நான் லீவுல வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத" என்கிறார். அவருக்கும் பயம். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் கைப்பிள்ளையோடு எந்தத் தெருவில் போய் நிற்பேன்? மறுபடி ஊரைக் கேட்பார்கள், தெருவைக் கேட்பார்கள்.

நம் வீட்டு நாய் கருப்பன் உன் கையால் எலும்பு தின்றுதானே வளர்ந்தது? அது எப்படி அம்மா செத்தது? வயசாயிடுச்சு என்று சொன்னாய். அப்படித்தானா?

விடிந்ததும் படியேறுவேன். இது சத்தியம். எதிர்வீட்டு வாசலுக்குப் போலீஸ் போகும் முன்னால், ஜானியை ஆட்டோவில் ஏற்றும் முன்னால், பன்றிக்கறி என்று முழுசாகச் சொல்வேன், எங்கம்மாவுக்குப் பிடித்த கறி என்றும் சொல்வேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே. பயத்தோடுதான் ஏறுவேன். அடுத்த வருஷம் எந்த வீட்டில் இருந்தாலும் மதில்மேல் கறியோடு சோறு வைப்பேன், நீ நேராக வந்து தின்னலாம்.

இப்போது மாடியில் சத்தமே இல்லை. தூங்குகிறது என்றுதானே அர்த்தம்? சீக்கிரம் பதில் சொல்லும்மா.

உன் மூத்த மகள்,
பாப்பா