மேட்டில் நிற்காத வண்டி

ஜன. 19, திங்கள்

பனி. ஒன்பது மணிக்கும் விளக்கு போட்டுக்கொண்டு போளூர் போனேன். ஜீப்பை மஸ்தான் பாய் பட்டறையில் விட்டாயிற்று. இருபத்தேழு வயது வண்டி. பெண்டாட்டி செல்விக்கு அடுத்தபடி என்னிடம் அதிகம் ஏச்சு வாங்குவது அதுதான்.

செய்ய வேண்டியவை:
– கிளட்ச் பிளேட்
– ஹேண்ட் பிரேக், முழுசாகப் புதிது
– பின் டயர் இரண்டும்
– பின் கதவு லொடலொடப்பு
– மேல் தார்ப்பாய். பச்சை வேண்டாம், கறுப்பு.

பாய் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "இத்தினி வருசமா மேட்ல நிக்காமத்தானே ஓட்டுன. இப்ப இன்னா திடீர்னு?"

சரக்கு அதிகம் ஏற்றப்போகிறேன் என்றேன். பாதி உண்மை.

சந்தவாசல் திரும்பி வர பஸ். உட்கார இடம் கிடைத்தது. அதிசயம்.

ஜன. 20, செவ்வாய்

வண்டி இல்லாமல் கை ஒடிந்த மாதிரி. புளியில் ஓடு பொறுக்கினேன். செல்வி, "இன்னா இன்னிக்கி இவ்ளோ நல்லவரா ஆயிட்டீங்க?" என்றாள்.

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை. என் கையெழுத்து எனக்கே புரியாது.

போன ஐப்பசி. நல்ல மழை. ஜமுனாமரத்தூர் கடைக்கு அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். ஒன்பதாவது வளைவு, செங்குத்து மேடு, டவர் கிடைக்காத இடம். ஓரத்தில் ஒருவர் துண்டை வீசிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மைல்கல்லைப் பிடித்தபடி ஒரு பெண். நிறைமாதம்.

அந்த மேட்டில் மூட்டையோடு நின்றால் என் வண்டி மறுபடி ஏறாது. பின்னால் உருளும். இந்த மலையில் பழைய ஜீப் ஓட்டுகிற எவனும் அங்கே நிற்க மாட்டான். அதனால் கையை வெளியே நீட்டி, மேலே போய்த் திருப்பிக்கொண்டு வருகிறேன் என்று காட்டினேன். தெளிவாகத்தான் காட்டினேன்.

அடுத்த வளைவிலேயே திருப்ப இடம் இருந்தது. திருப்பவில்லை. அரிசி நனைகிறதே, இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்று பட்டது. போய் இறக்கினேன். குளிர். ஒரு டீ குடித்தேன். இந்த டீயை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தேன். கல் மட்டும் இருந்தது.

யாராவது ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். மூன்று மாதமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம்பிக்கை வரவில்லை.

ஜன. 23, வெள்ளி

வண்டி வந்தது. கிளட்ச் வெண்ணெய். டயர் வாசனை எனக்குப் பிடிக்கும், எப்போதும்.

செல்வி ஒரு சுற்று சுற்றி வந்தாள். "பச்சையே நல்லாத்தானே இருந்துச்சி. ஒழுகக்கூட இல்ல. இன்னாத்துக்கு மாத்துனீங்க?"

"வெயிலுக்கு."

"வெயிலுக்குக் கறுப்பா?"

கயிற்றை இறுக்கிக் கட்டினேன். மலையில் என் வண்டிக்குப் பெயரே பச்சை ஜீப். கிளட்ச்சும் பிரேக்கும் அவர்களுக்காக மாற்றினேன். தார்ப்பாய் எனக்காக. யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று. வெட்கமாக இருக்கிறது.

பல்வலி. வலது கடைசிப் பல்.

ஜன. 25, ஞாயிறு

காலி வண்டியோடு மலை. ஒன்பதாவது வளைவில் வேண்டுமென்றே நிறுத்தினேன். இத்தனை வருடத்தில் முதல்முறை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு கால்களையும் தூக்கினேன். வண்டி அசையவில்லை.

சந்தோஷப்பட்டிருக்கலாம். அதற்குள் பின் கதவில் இரண்டு தட்டு. யாரோ ஏறக் கேட்பது போல. இறங்கிப் பார்த்தேன். கல், உண்ணிச்செடி, ஒரு பிளாஸ்டிக் பை. ஆள் இல்லை.

வண்டியை எடுத்தேன். அலுங்காமல் ஏறியது. அன்றைக்கு ஏறியிருந்தால் என்ன.

ஜன. 27, செவ்வாய்

மறுபடி பட்டறை. கதவில் சத்தம் என்றேன். கீல் புதிது, ரப்பர் புதிது. பாயே பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். போளூரில் உள்ள குழி எல்லாவற்றிலும் விட்டு ஓட்டிக் காட்டினேன்.

எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

"கதவு கம்முனுதான் கீது. நீ ஒழுங்கா தூங்கறியா?"

பல்லுக்கு மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜன. 30, வெள்ளி

மேலே டீக்கடையில் மெதுவாக விசாரித்தேன். ஐப்பசியில் ஒன்பதாவது வளைவுப் பக்கம் யாருக்காவது பிரசவம் ஆச்சா என்று.

"மலைல தினிக்கும்தான் புள்ள பொறக்குது. பேர் தெரியாம யாருன்னு சொல்றது? இன்னாத்துக்கு கேக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

சும்மாதான் என்றேன். தெரியாமல் போனதில் கொஞ்சம் நிம்மதிகூட. என்ன மனுஷன் நான்.

பிப். 3, செவ்வாய்

நல்ல வெயில். அரிசி ஏற்றிக்கொண்டு மேலே. ஒன்பதாவது வளைவில் ஒருவர் கை காட்டினார். தோளில் சாமை மூட்டை. நிறுத்தினேன். முழுச் சரக்கோடு, அதே மேட்டில். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பெயர் வெள்ளையன்.

"இந்த மேட்ல ஒருத்தனும் நிக்க மாட்டான். நீங்க நின்னீங்களே, நல்லா இருப்பீங்க."

நான் சாலையையே பார்த்தேன். அவராகத்தான் சொன்னார்.

"ஐப்பசில என் பொஞ்சாதிக்கு வலி எடுத்துச்சி. மேல ஆஸ்பத்திரிக்குப் போவ இங்கதான் நின்னோம். பச்சை ஜீப்பு ஒண்ணு நிக்காம பூட்ச்சி. அப்பறம் பைக்ல ஒருத்தர் வந்தாரு, ஏத்திக்கினு போறேன்னாரு. இவதான் வேணாம், ஜீப்புக்காரர் வர்றேன்னு கை காட்டினாருன்னு அவரை அனுப்பிட்டா. பைத்தியம். போறவன் கைய ஆட்டிட்டுப் போனா வர்றேன்னு அர்த்தமா? அந்தக் கல்லாண்டயே பொறந்துச்சி. பொண்ணு. அழவே இல்ல."

அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லையாம். போட்டால் சாப்பிடுவாராம். அவ்வளவுதானாம்.

மேடு முடிந்ததும் ஓரங்கட்டினேன். சொன்னேன். அரிசி, டீ, தார்ப்பாய், எல்லாம்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசியபோது மரியாதை போய்விட்டிருந்தது. நியாயம்தான்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? வூட்லதான் கீறா. வந்து அவகிட்ட சொல்லு."

வண்டியைத் திருப்பினேன். சாலையை விட்டு அரை மைல் நடை. சாமை மூட்டையை நான் தூக்கிக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெயர் ஜெயா. வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். மூன்று மாதமாக நான் நினைத்து நினைத்துப் பயந்த முகம் இல்லை அது. நின்றபடியே சொன்னேன். பாதியில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மன்னிப்பு கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. கட்டையைக் கீழே வைத்தாள்.

"வர்றேன்னுதானே கை காட்டுனீங்க?"

"ஆமாம்மா. வர்றேன்னுதான் காட்டினேன்."

அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கினியா?"