மிருகசீரிடத்தன்று யார் ஏர்?

மோர்தோங்கர்
9 பிப்ரவரி 1998

அன்புள்ள அண்ணாவுக்கு முக்தாவின் நமஸ்காரம்.

இங்கே நானும் எருதுகளும் நலம். அங்கே நீ, அண்ணி, பாப்பா, ஆயி எல்லோரும் நலமா? பாப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி வேண்டுமென்று ஆயியை நீ கூட்டிப் போனதிலிருந்து, சாயங்காலமானால் எருதுகளிடம்தான் பேச்சு.

ஒரு நல்ல செய்தி. ஆதிலாபாத்தில் நர்ஸ் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். அப்பா போன அன்று நீ சொன்னது நினைவிருக்கிறதா? "உனக்கு இடம் கெடச்சா சொல்லு முக்தா, நான் வந்து நெலத்தப் பாத்துக்கறேன்" என்றாய். இப்போது சொல்கிறேன்.

எல்லைத் தகராறு தீராத நம் ஊர் நிலத்துக்கு ஆந்திராவும் பட்டா கொடுக்கவில்லை, மகாராஷ்டிரமும் கொடுக்கவில்லை. ஜூன் மழையோடு வரும் மிருகசீரிடத்தன்று யார் ஏர் ஓடுகிறதோ அவர்களுடையது. கங்காராம் குடும்பம் போன வருஷம் செங்கல் சூளைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, அவர்கள் நிலத்தில் வேறொருவர் பருத்தி நின்றது. பஞ்சாயத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மே மாதக் கடைசியில் வந்தால் போதும். ஆயியின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

உன் தங்கை
முக்தா


சோலாப்பூர்
2 மார்ச் 1998

சிரஞ்சீவி முக்தாவுக்கு அண்ணா தத்தாவின் ஆசிகள்.

கடிதம் கிடைத்தது, சந்தோஷம். உன் மராத்தியில் இன்னும் காலும் கொம்பும் இடம் மாறித்தான் கிடக்கின்றன. என் சிலேட்டை எட்டிப் பார்த்துக் கற்றவள்தானே! இரண்டில் எந்த மாநிலம் ஜெயித்தாலும் வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு செல்லுபடியாகட்டும் என்று அப்பா என்னை மராத்திப் பள்ளியிலும் உன்னைத் தெலுங்குப் பள்ளியிலும் போட்டார். எனக்கோ காதால் கேட்டால் தெலுங்கு புரியும், எழுத்து இன்றுவரை ஜிலேபிதான்.

இந்தத் தெருவைப் பார்த்தால் அப்பா சிரிப்பார். மகாராஷ்டிரத்துக்கு நடுவில் தெரு முழுக்க நெசவாளிகள், முழுக்கத் தெலுங்கு. எதிர்வீட்டு நரசய்யா மாமாவிடம், "ஒங்கள யாரும் எந்த மாநிலம்னு கேக்கலியா?" என்றேன். "துண்டு நல்லாருக்கான்னுதாம்பா கேப்பாங்க" என்றார். நம் ஊரில் எல்லோரும் மராத்தி பேசுகிறோம், ஊர் தன்னுடையது என்கிறது ஆந்திரா. என்ன கணக்கோ.

பயிற்சி விஷயம். இந்த வருஷம் மில்லில் லீவு கேட்டால் என் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான். அடுத்த வருஷம் பார்க்கலாமே? இடம் எங்கே ஓடிவிடப் போகிறது?

ஆயி உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

தத்தா


மோர்தோங்கர்
14 ஏப்ரல் 1998

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

இடம் ஓடிவிடும் அண்ணா. இந்த வருஷத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது.

நேற்று இரண்டு மாநில அதிகாரிகளும் ஒரே நாளில் வந்தார்கள். ஒரே ஜீப்பில். பக்கத்து வீட்டு லிங்கவ்வா வாசலில் உட்கார்ந்து கணக்கெடுத்து எழுதினார்கள்.

"வீட்ல என்னம்மா மொழி?"

"மாட்டுக்கிட்ட மராத்தி, கடைக்காரன்கிட்ட தெலுங்கு" என்றாள் லிங்கவ்வா. "புருஷனத் திட்டறப்ப ரெண்டும்."

"ஒண்ணு சொல்லும்மா, ஒரு கட்டந்தான் இருக்கு."

"அப்ப என் புருஷனக் கேட்டு எழுதிக்கோ. எதுல அதிகம் வலிச்சுதுன்னு அவனுக்குத்தான் தெரியும்."

ஜீப் டிரைவர்கூடச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அடுத்து என் முறை. இந்தத் தடவை நிலம் யார் பொறுப்பில் என்று பெயர் எழுதுகிறார்களாம். அந்தப் பெயருக்குரியவர் ஊரில் இருந்து உழ வேண்டும். மிருகசீரிடத்தில் வந்து பார்ப்பார்கள். அவர் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள்.

என் பெயரைச் சொன்னால் நான் இந்த ஊரை விட்டு அசைய முடியாது. யார் பெயரும் சொல்லாவிட்டால் அப்பா கல் பொறுக்கித் திருத்திய நிலம் போய்விடும். அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மே கடைசியில் திரும்ப வருகிறார்கள். என்ன சொல்லட்டும்?

வாசற்படியில் உட்கார்ந்தால் பஸ் போவது தெரிகிறது. தினமும் பார்க்கிறேன்.

முக்தா


சோலாப்பூர்
11 மே 1998

முக்தாவுக்கு ஆசிகள்.

யோசித்துத்தான் எழுதுகிறேன். என் பெயரைக் கொடு. நீ இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், நிலம் ஆண்பிள்ளை பெயரில் இருப்பதுதான் முறை. நான் சோலாப்பூரில் இருப்பதைச் சொல்லாதே. சந்தைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி நீயே ஏரைப் பிடி. போன வருஷமும் நீதானே உழுதாய்.

இன்னொன்று. அங்கேயே வித்தோபாவின் மகனுக்கு உன்னைக் கேட்டார்கள். சரி என்று சொல்லியிருக்கிறேன். ஒரே ஊர். நிலமும் கண்பார்வையில் இருக்கும், உனக்கும் துணை. அடுத்தவர் புண்ணைக் கழுவும் வேலை எதற்கு?

கோபப்படாதே. எனக்கு மட்டும் என்ன விடுதலை? ஒற்றை அறை, மூன்று ஷிப்டு, பாப்பாவின் இருமல். உன் பக்கமிருந்து பஸ்ஸாவது தெரிகிறது.

தத்தா


ஆதிலாபாத்
3 ஜூன் 1998

நரசய்யா மாமாவுக்கு முக்தாவின் நமஸ்காரம்.

இந்தக் கடிதம் என் அண்ணனுக்கு. தெலுங்கில் எழுதினால் அவனால் படிக்க முடியாது, உங்களிடம்தான் கொண்டுவருவான். என் கடிதங்களை அவன் தனியாகவே படித்துவிட்டான் மாமா. இதையாவது நாலு பேர் கேட்கட்டும். ஆயியைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். எதையும் விடாமல் வாசியுங்கள்.

அண்ணா, நீ சொன்னபடி உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"அண்ணன் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"சோலாப்பூர்ல."

"அப்ப ஏர் யாரு ஓட்டறது?"

"அவர்தான். மிருகசீரிடத்துக்கு வந்துருவாரு."

"வருவாரா?"

"வர்றேன்னு அப்பா பொணத்துக்கு முன்னாடி சொன்னாருங்க" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

எருதுகள் லிங்கவ்வாவிடம் இருக்கின்றன. மிருகசீரிடம்வரை தீனி போடுவாள். "அதுக்கு மேல உங்கண்ணனுக்காக நான் வைக்கோல் போட மாட்டேன்டி" என்று சொல்லிவிட்டாள். கொழுவைத் தட்டிக் கூராக்கி ஏரை வாசலில் சாத்தியிருக்கிறேன். வீட்டுச் சாவியும் அவளிடம்தான்.

வித்தோபா வீட்டுக்கு நானே போய் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மனைவி குடிக்க மோர் கொடுத்தாள்.

முதல் தேதியே சேர்ந்துவிட்டேன். விடுதியில் என் தெலுங்கில் மராத்தி வாசனை அடிக்கிறது என்று கேலி செய்கிறார்கள். ராத்திரி ஜன்னலைச் சாத்தவே எனக்கு மனம் வருவதில்லை.

மாமா, அவன் என்ன பதில் சொன்னாலும் நீங்களே எழுதிப் போடுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் எழுதுங்கள்.

அண்ணா, இங்கே நேற்றே மழை விழுந்துவிட்டது.

முக்தா